ராஜாவின் பிள்ளைகள்

பிப்ரவரி 3, செவ்வாய்

குண்டு மாமா, உன் வாத்து எழுதுகிறேன். காலையிலிருந்து நல்ல காற்று. துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. தைப்பூசம் முடிந்து இரண்டு நாள். நீ இல்லாத முதல் பூசம். போகவில்லை.

வெளியே எப்போதும் 'நீங்க'. இங்கே 'நீ'. யார் பார்க்கப் போகிறார்கள். குண்டு, வாத்து இரண்டும் நம் நாலு சுவருக்குள் இருந்த பேர், பெற்ற மகள் வாணிக்கே தெரியாது. இது உன் கோழி நோட்டு. நீ எழுதியது பதினாலு பக்கம். மிச்சம் எனக்கு. அஞ்சாவதோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும்.

இன்றைக்குக் குஞ்சு பொரிக்க முட்டை வைத்தேன். நீ செய்த ஃபோம் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, பல்பு செத்துவிட்டது. தேக்கா மார்க்கெட்டில் சோளம் வாங்கிக்கொண்டு அப்படியே ஜாலான் புசார் ரோடு வரை நடை. கடைக்காரருக்கு ஒரே சிரிப்பு. "சூடாவுற பல்பு இப்ப யாருக்கா வாங்குறா? எல்லாம் எல்.இ.டி லா." நாலாவது கடையில் கிடைத்தது.

முட்டை ஹசான் பாய் கொடுத்தது. நம் சேவல் ராஜா இப்போது அவர் வீட்டுத் தோட்டத்தில்தானே. ஒரு டஜன் எடுத்து வைத்திருந்தார். நுனி கூராக இருந்ததாகப் பார்த்து ஆறு பொறுக்கினேன். கூரு முட்டை சேவல், உருண்டை முட்டை பொட்டை.

"யாரு தங்கச்சி சொன்னா? பாத்துக்க, பூரா பொட்டையா வந்து நிக்கப் போவுது. எதுக்கு இத்தன சேவலு?"

"கறிக்கு" என்றேன். பொய்.

வீட்டில் கோழி நாலு. சட்டப்படி பத்து வளர்க்கலாம். மிச்சம் ஆறு இடம். ஆறும் சேவல். ஆறும் சு. ஜன்னலுக்குக் கீழே.

சு. என்றால் பக்கத்து வீட்டு சுதா. முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை. மதுரைக்காரி, வாடகைக்கு இருப்பவள், நாள் முழுக்க வீட்டிலேயே கம்ப்யூட்டர் வேலை. செப்டம்பரில் ராஜா கூவுகிறான் என்று புகார் சொல்லிப் போன் போட்டவள். விசாரிக்க வந்த ஆபீசர் பெயர் சொல்லவில்லை, "பக்கத்துல ஒருத்தங்க" என்றார். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் கால்வாய். கால்வாயா போன் போடும்?

ராஜா போன பத்தொன்பதாம் நாள் நீ போனாய்.

ராஜா திரும்பி வரக்கூடாது என்று பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள். ராஜா பிள்ளைகளைப் பற்றி அந்தப் பேப்பரில் ஒன்றும் இல்லை. வாணியை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஏழாம் நாள். டாய்லெட் பேப்பர் குழலில் முட்டையை வைத்து, போன் லைட் அடித்துப் பார்த்தேன். அஞ்சில் சிவப்பு நரம்பு. ஒன்று வெறும் முட்டை, எடுத்துவிட்டேன். சூடு 37.5. தண்ணீர் கிண்ணம் நிரப்பியாச்சு. ஒரு பக்கம் பெருக்கல் குறி, ஒரு பக்கம் வட்டம், ஒரு நாளைக்கு மூன்று தடவை திருப்பல், எல்லாம் உன் முறைப்படி.

சு.வுக்கு இதுவரை செய்தது:
அவள் பக்கம் சாய்ந்த கறிவேப்பிலைக் கிளையை வெட்டினேன். பறித்துக்கொள்வாள் அல்லவா, இனிப் பறிக்கட்டும்.
அவள் துணி காயப்போடும் நேரமாகப் பார்த்துக் கூண்டு கழுவுகிறேன்.
எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொள்வது. போனில் யாரும் இல்லை.

பிப்ரவரி 14, சனி

சு. பொங்கல் கொண்டுவந்தாள். "முந்திரி தூக்கலாப் போட்டிருக்கேன் ஆன்ட்டி." வாங்கிக்கொண்டேன். அவள் கேட்டைத் தாண்டும் முன்னே கோழிக்குப் போட்டேன். கருப்பி முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றது.

அரிசி வாங்க வேண்டும். உன் சட்டைகள் இன்னும் அலமாரியில்தான்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மழை. நேற்று மதியமே ஒரு முட்டையில் விரிசல். உள்ளேயிருந்து கீச் கீச். இன்று காலை பத்துக்குள் நாலு வந்துவிட்டன. அஞ்சாவது ஓட்டுக்குள்ளேயே. செம்பருத்தியடியில் புதைத்தேன்.

நாலையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பெயர் வைக்கவில்லை. வேலைக்கு வந்தவர்கள்.

ஆஸ்பத்திரியில் இனிமேல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்களே, அன்றைக்குத்தான் ராஜா கூண்டை இழுத்து உன் ஜன்னலடியில் வைத்தேன். அவன் குரல் கேட்டால் உனக்குத் தெம்பு வரும் என்று. காலையில் காபியோடு வந்து "கேட்டுச்சா மாமா?" என்பேன். "ம்" என்று சிரிப்பாய். ராஜா போன பிறகு தினம் காலை ஒன்பது மணிவரை அசையாமல் கிடந்தாய். ஏக்கம். எனக்கா தெரியாது. அந்த ஏக்கத்தில்தான் போனாய். அவளுக்கும் தெரியட்டும், விடியற்காலையில் விழித்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்று.

ஏப்ரல் 21, செவ்வாய்

மூச்சு முட்டும் வெயில். கொண்டை தெரிந்துவிட்டது. ஒன்றுக்குச் சிவப்பு. மற்ற மூன்றுக்கும் வெறும் கோடு. மூன்று பொட்டை!

படம் அனுப்பினேன். ஹசான் பாய் குரல் செய்தி போட்டிருக்கிறார், முக்கால்வாசி சிரிப்பு. "கூரு முட்ட, கூரு முட்டன்னியே தங்கச்சி. சரி, ஒண்ணாச்சும் கறிக்கு ஆச்சு."

ஒன்று போதும். ராஜாவும் ஒற்றை ஆள்தான்.

வாணி உட்லண்ட்ஸிலிருந்து வந்தாள். சு. வீட்டுச் சுவரோடு கூண்டு இருப்பதைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "அம்மா, இதெல்லாம் டூ மச் மா. அந்த அக்கா அப்பாகூட நல்லாத்தான் பேசுவாங்க."

"உங்கப்பா யாருகிட்டதான் நல்லா பேசல?"

மீன் குழம்பைத் தொடாமல் போய்விட்டாள். போகட்டும்.

ஜூன் 9, செவ்வாய்

கூவிவிட்டான்! காலை அஞ்சே கால். முதலில் கதவுக் கீல் மாதிரி. அப்புறம் இருமல். ஏழாவது தடவை அப்படியே ராஜா. சு. ஜன்னலில் விளக்கு எரிந்தது. காபியில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டேன். சுகரா, இருக்கட்டும்.

அதே நாள், மாலை

கேட்டில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவப்பு.

"என்னம்மா, தூக்கம் போச்சா? கைல போன் இருக்குல்ல, போடேன்."

"போட மாட்டேன் ஆன்ட்டி."

"போன தடவ போட்டியே."

"போட்டேன். அங்கிள்தான் போடச் சொன்னாரு."

என் கையில் சோளச் சட்டி.

"நீங்க தேக்கா போயிருக்கப்ப ஜன்னல் வழியா பேசுவாரு. ராத்திரி பூரா வலி, விடியப் போறப்பதான் கொஞ்சம் கண்ணசருது, கரெக்டா அப்ப ராஜா கூவ ஆரம்பிச்சிடுறான்மான்னு சொன்னாரு. நான் ஆன்ட்டிகிட்ட பேசுறேன்னேன். வேணாம், எனக்காகத்தான் கூண்ட இங்க கொண்டாந்து வச்சிருக்கா, கேட்டா ஒடிஞ்சு போயிடுவா, வெளிய இருந்து வந்த புகாராவே இருக்கட்டும்னாரு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்."

"செத்தவரு பேர்ல பொய் சொல்லாத."

"என் வாத்துகிட்ட மட்டும் சொல்லிடாதம்மான்னாரு. வாத்துன்னா யாருன்னு எனக்கு அப்பப் புரியவே இல்ல ஆன்ட்டி."

சோளம் எப்போது கொட்டியது தெரியவில்லை. கோழிகள் காலைச் சுற்றிக் கொத்துகின்றன. அவள் குனிந்து அள்ளப் போனாள். "விடு, அதுங்க தின்னுக்கும்" என்றேன்.

சுதா போய்விட்டாள். கூண்டை அந்தச் சுவரிலிருந்து இழுத்து, கால்வாய்ப் பக்கம் வைத்தேன். தனியாகத்தான் இழுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஒன்பது மாதம் அந்தப் பெண்ணை மனசுக்குள் வைதேன். கறிவேப்பிலை இனி எப்போது தழைப்பது. பொங்கலைக் கோழிக்குப் போட வைத்தாய். எல்லாம் நீ செய்த வேலை. ஒன்பது மணிவரை நீ கிடந்தது ஏக்கம் இல்லை, தூக்கம். நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாய். பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேனே, அந்தத் தூக்கத்தைப் பார்த்து.

கோபம் வருகிறது மாமா. நீ எதிரே இருந்தால் இந்தச் சட்டியாலேயே ஒன்று போடுவேன்.

தினம் காபியோடு வந்து "கேட்டுச்சா, கேட்டுச்சா" என்று நின்றேனே. ஒரு நாளாவது, "தூங்க விடுடி வாத்து" என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லையா?