குளிர்ந்தது விளக்கு மட்டும்தான்

என் ஆசை மாப்பிள்ளை முருகேசா,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. மயிலாப்பூரில் எல்லாரும் உன்னை அவசரக்காரன் என்கிறார்கள். மெயின் பெட்டியில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்காமலே ஏணியில் ஏறிவிட்டாயாம். பாவி நான், கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அதனால்தான் இதை நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

தியாகராய நகர்ப் புது வீட்டில் கூடத்து விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பல்பைக் கழற்றி அடுத்த அறையில் போட்டாய், ஒழுங்காக எரிந்தது. சுவிட்சைத் திறந்து பார்த்தாய், அதிலும் குறையில்லை. "மேல ஹோல்டர்லதான் கம்பி லூசா கீது. அணைச்சுடு மச்சான்" என்றாய்.

அந்த வீட்டு மாமி பதறிவிட்டாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா அணைக்கறதுன்னு சொல்லாதீங்கோ. குளிர வைன்னு சொல்லுங்கோ."

ஏணியில் ஏறுமுன் "கட்டை கையில கீதா?" என்று கேட்பதுதானே உன் வழக்கம்? அன்றைக்கு மாமியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இன்னா மச்சான், குளிர வெச்சாச்சா?" என்றாய். நீ கேட்டது கட்டையை. நான் சுவிட்சைத் தட்டிவிட்டு விளக்கைப் பார்த்தேன். "குளிர்ந்துடுச்சு மாப்ளே" என்றேன். நானும் சிரித்தேன்.

முன்னால் வேலை செய்த எவனோ சுவிட்சைத் தப்பான கம்பியில் மாட்டியிருக்கிறான். விளக்கு நின்றதே தவிர, ஹோல்டர் வரைக்கும் கரண்ட் இருந்தது. நீ அதில்தான் கை வைத்தாய். இந்த மாதிரி வீடு எத்தனை பார்த்திருக்கிறோம்! எதற்கடா என் பேச்சை நம்பினாய்?

நேற்று என் தங்கை தனத்திடம், உன் பெண்டாட்டியிடம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ அவரு மேல தப்பு இல்ல?"

"இல்லம்மா."

"என் எதிர்லயே அவரை ஏசினாங்களே. நீயும் கேட்டுக்கினுதானே இருந்தே?"

கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். கூடப்பிறந்தவள், போகும்போது அண்ணே என்றுகூடச் சொல்லவில்லை. நெஞ்சு வெடிக்கிறது முருகேசா.

அவள் என்னை மன்னிக்க வேண்டாம். உன்னை அவசரக்காரன் என்றவர்கள் வீட்டுக்கெல்லாம் போவேன். கட்டையைப் பிடுங்காதவன் நான்தான் என்று, அவள் காதில் விழும்படி சொல்வேன்.

உன்னை ஏணியில் ஏற்றிவிட்ட,
உன் மச்சான்