சந்தனப் பொட்டு வைத்த நோடு

மாப்பிள்ளை,

உன் கணினிப் பெட்டி சூடேறியதும் சந்தன வாசம் வருகிறது. ஆயுத பூஜைக்குத் தங்கச்சி வைத்த பொட்டு. அந்த வாசம் வந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

குன்றாண்டார்கோவில் வட்டாரத்திலேயே கிரிப்டோ நோடு ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நீ கண்மூடிய பின் நான் ஒருவன். எட்டாவதோடு நிறுத்தியவன்தான், ஆனாலும் மீமிசலிலிருந்தெல்லாம் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள்.

துபாயிலிருந்து திரும்பி நீ இந்த நோடை வைத்த அன்று, "காசு கொட்டுமா?" என்று கேட்டேன்.

"கொட்டாது மச்சான். ஒலகத்துல நடக்குற காயின் கணக்கு சரியான்னு நம்ம பெட்டியும் பாத்துச் சொல்லும். அம்புட்டுதான்" என்று சிரித்தாய். பின்னணியில் சத்தமில்லாமல் ஓடவிடலாம் என்றும் சொன்னாய். "ஆனா எனக்குக் கண்ணு முன்னால வரி வரியா ஓடணும். என்ன, இந்த விண்டோவ மூடுனா நின்னுரும்."

நீ போனபின்னும், திரையில் ஓடும் அந்த வரிகளைப் பார்த்துவிட்டுத்தான் தங்கச்சி அடுப்பு பற்றவைக்கிறாள். பூஜையன்று அரிவாள், மோட்டார், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் ஓய்வு கொடுத்தவள், இதற்கும் பொட்டு வைத்து சுவிட்சை அணைத்துவிட்டாள்.

"அண்ணே, அவுக வேலைய நானே கெடுத்துட்டேனா?"

"நான் இருக்கேன்ல, என்னத்தா பயம்?" என்றேன். முறையாக நிறுத்தாமல் அணைத்தால் அதுவரை சேர்த்த கணக்கெல்லாம் கெட்டுப்போகலாம், முதலிலிருந்து பதிவிறக்க வேண்டிவரும் என்று நீ எச்சரித்திருந்தாய். நம்மூர் இணையத்தில் அது நடக்கிற காரியமா?

இன்று காலை கிளப்பினேன். சரிபார்க்கிறேன் என்ற ஒரே வரியில் நின்றது. தங்கச்சி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். வெகுநேரம் கழித்து அடுத்த வரி வந்தது. அப்புறம் மளமளவென்று. விட்ட இடத்திலிருந்தே பிடித்துக்கொண்டது.

இனி யார் கைபட்டு விண்டோ மூடினாலும் நிற்கக்கூடாதென்று, முறைப்படி நிறுத்திப் பின்னணியில் ஓடவிட்டேன். திரை வெறுமையாகிவிட்டது.

"வரியக் காணோமேண்ணே."

உள்ளே ஓடுவதை எட்டிப்பார்க்க மட்டும் தனி விண்டோ ஒன்றைத் திறந்து கொடுத்தேன். "இத மூடுனாலும் அது நிக்காது" என்று பெரிய இஞ்சினியர் மாதிரி சொன்னேன்.

"மூடிப் பாக்கவா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மூடினாள். நான் உடனே திறந்து காட்டினேன். வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி மூடச்சொன்னாள், மறுபடி திறந்தேன். நீ போனபின் அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

அவள் நிம்மதியாக அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் மூடியபோது, நின்றுவிடுமோ என்று வந்த பயம் என்னோடு தங்கிவிட்டது. ஊரில் யாரிடமும் சொல்லமாட்டேன், உன்னிடம் சொல்கிறேன்.