வார்டுக்கும் வீட்டுக்கும் நடுவில்

6.6.2007, புதன்
தடுப்பூசி நாள். பதினோரு பிள்ளைகள். மதியம் கிழக்கே பெரிய சத்தம்; என் துணைச் சுகாதார நிலையத்து ஜன்னல் அதிர்ந்தது. பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற அறை. நான்கு பேர் வெந்துவிட்டார்கள். அதில் வடக்குத் தெரு தங்கத்தாயும் ஒருத்தி. போன வருஷம் அவள் பிரசவத்துக்கு நான்தான் கூடப் போனேன். கழுத்தும் நெஞ்சும் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மிச்சப் பிள்ளைகளுக்கு ஊசி போட உட்கார்ந்தேன்.

30.6.2007
மாத ரிப்போர்ட் முடிந்தது. தங்கத்தாய் பிழைத்துக்கொண்டாளாம். போய்ப் பார்க்க வேண்டும்.

11.7.2007, புதன்
தங்கத்தாயின் பிள்ளையைத் தட்டம்மை ஊசிக்குக் கொண்டுவரவில்லை. தேடிப் போனால் உள்ளே தங்கத்தாய் படுத்திருக்கிறாள்! வந்து ஒன்பது நாள் ஆகிறதாம். என் நிலையத்திலிருந்து இரண்டே தெரு. எனக்கு யாரும் சொல்லவில்லை.

கட்டுத் துணி புண்ணோடு ஒட்டி வாடை அடித்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை கட்டு மாற்ற வரவேண்டும் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. வாசிக்க அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவள் புருஷன் மொக்கைச்சாமி, "ரெண்டு பஸ்ஸு மாறணும் நர்சம்மா. யாராச்சும் லேசா இடிச்சாலே உசுரு போகுதுங்குறா" என்றான். அவளுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று புதிதாக இலவம்பஞ்சுத் தலையணை வாங்கியிருக்கிறான். "நல்லாத்தேன் பாத்துக்கிடுதே" என்று அவனைப் பாராட்டினேன். புண்ணைக் கழுவிக் கட்டினேன். இனி ஒன்றுவிட்டு ஒரு நாள் நானே வருவேன்.

23.8.2007, வியாழன்
புண் ஆறிவிட்டது. ஆனால் முகவாய் நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொண்டே வருகிறது. தானாகச் சரியாகும் என்று இருந்தேன். ஆகவில்லை. இன்று இருவரையும் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு சிஸ்டர் ஆவுடைத்தாய் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"தலையணை வச்சா படுக்க வச்சீக?"

"ஆமா" என்றான் மொக்கைச்சாமி.

"களுத்து வெந்தவளுக்குத் தலையணையே ஆகாது. தலை பின்னால சாஞ்சே இருக்கணும். இல்லேன்னா தோலு சுருங்கி இழுத்துரும். போகும்போது சொல்லித்தானே விட்டோம்?"

அவனுக்கு ஞாபகமே இல்லை. மாத்திரை, சீட்டு, கையெழுத்து என்று அன்றைக்கு அவனிடம் எத்தனையோ சொல்லியிருப்பார்கள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சிஸ்டர்."

"அந்த ஊருக்கு நர்சு யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? முப்பது கட்டிலு. நாங்க ரெண்டு பேரு." கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

மதுரையில் ஆபரேஷன் செய்யலாம், ஆனால் தழும்பு முதிரவேண்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் தங்கத்தாய் தன் மடியைப் பார்த்தபடியே கேட்டாள்: "ஒங்களுக்கும் தெரியாதா நர்சம்மா?"

24.8.2007
தெரியாது. தெரியாமப் போச்சு. ஆறு வாரம் போனேனே — அந்தத் தலையணைய நானே தட்டித் தட்டி வச்சேனே!

17.9.2007, திங்கள்
மாதாந்திரக் கூட்டம். எழுந்து சொன்னேன்: வார்டிலிருந்து ஆளை அனுப்பினால் அந்த ஊர் நர்சுக்குத் தகவல் வரவேண்டும். "ஆஸ்பத்திரி வேற துறை, நாம வேற துறை. எழுதிக் கொடுங்க, அனுப்பிப் பார்க்கலாம்" என்றார் அதிகாரி. எழுதிக் கொடுத்தேன். என் பக்கத்தில் இருந்த நர்சு என் புடவையைப் பிடித்து உட்காரச் சொன்னாள்.

25.9.2007
காத்திருக்க மனம் இல்லை. ஆனைக்குட்டத்திலிருந்து தாயில்பட்டி வரை பதினான்கு ஊர் நர்சுகளின் பெயர், போன் நம்பர். ஒரே தாளில் எழுதி, லீவு போட்டு, ஆவுடைத்தாயிடம் கொண்டுபோனேன்.

"இதுக்கு உத்தரவு இருக்கா?"

"இல்லை."

தாளை மேலிருந்து கீழ் வரை வாசித்தார். பிறகு மருந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் பசை தடவி ஒட்டினார். "நான் டூட்டியில இருக்கிற வரைக்கும் சொல்லுதேன்" என்றார். எந்த இடம் வெந்தால் எப்படிப் படுக்கவைப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

1.11.2007, வியாழன்
தீபாவளி லோடு அவசரத்தில் போன மாதம் இன்னொரு தீ. மூவரில் இருவர் போய்விட்டார்கள். இன்று ஆவுடைத்தாய் போன் செய்தார். "ஒங்க ஊரு முனியராஜை நாளைக்கு வீட்டுக்கு விடுதோம். வலது கக்கம். கைய ஒடம்போட ஒட்டவிட்றாதீக. தினமும் தூக்க வைக்கணும்."

10.11.2007, சனி
முனியராஜ் வீட்டுக்கு இன்று ஒன்பதாவது நாள். கையைத் தூக்கச் சொன்னால் அலறுகிறான். அவன் அம்மா கருப்பம்மாள் குறுக்கே வந்து என்னைத் தள்ளினாள். "ஆறுற புண்ண ஏன் தாயி கிளிக்கிறீக? இனிமே வராதீக." எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. கிளம்பலாம் என்று பையை எடுத்துவிட்டேன்.

அப்போது தங்கத்தாய் உள்ளே வந்தாள். நான் கூப்பிடவில்லை, அலறல் தெருவுக்கே கேட்டிருக்கும். கருப்பம்மாளின் முகத்தைப் பார்ப்பதற்கு இடுப்பையே பின்னால் வளைத்து நின்றாள்.

"என்னையப் பாருங்க அத்தை. வலிக்கக் கூடாதுன்னு எங்க வீட்லயும் அம்புட்டு அருமையாத்தேன் பாத்தாக."

கருப்பம்மாள் விலகினாள். முனியராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினான். தோள் மட்டம் வரை வந்தது. தங்கத்தாய் தரையைப் பார்த்தபடி எண்ணினாள். பத்து வரை.

நாளைக்கும் வருகிறேன் என்றாள்.