நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆன எட்டு அழைப்புகள்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற புள்ளிவிவர உதவியாளர்,
சரக்கு ரயில் தண்டவாளத்துக்குக் கிழக்கே,
நீர்த்தொட்டிக்கு எதிர்க் குடியிருப்பு, மூன்றாம் மாடி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அவசர ஊர்திச் சேவை,
தலைமை அலுவலகம்.

பொருள்: கிழக்குப் பகுதிக்குத் தனி ஆம்புலன்ஸ் தேவையில்லை என்ற முடிவு – அதற்கு அடிப்படையான மார்ச் மாத வரைபடங்களில் எட்டு அழைப்புகள் விடுபட்டமை – அவற்றைச் சேர்த்து மறுபடி வரைந்து, 28ஆம் தேதிக் கூட்டத்தில் வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மார்ச் மாதச் சேவை நேர அறிக்கை. 2. தங்கள் அலுவலக ஆணை, நாள் 9 மே.

பெருமதிப்பிற்குரிய இயக்குநர் ஐயா அவர்களுக்கு,

1. நான் தங்கள் அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவள். அழைப்பு வந்த நிமிடத்திலிருந்து ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்ற நிமிடம் வரை எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் பகுதிவாரியாகத் தொகுத்து, மாதந்தோறும் வரைபடமாக்கி மேலே அனுப்புவது என் வேலை. இம்மனு ஒரு புகார். புகார் யார்மீது என்று தாங்கள் கேட்கக்கூடும். ஐந்தாவது பத்தி வரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. கடந்த மார்ச் மாதம் பதினேழாம் தேதி காலை 10.12 மணிக்கு, என்னுடன் வசித்துவந்த என் அக்கா சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உடனே அழைத்தேன். எடுத்த பெண் பொறுமையாகவே பேசினார். வண்டி கிளம்பிவிட்டது என்றார். இரண்டாம் முறை அழைத்தபோது, "ரயில்வே கேட்ல நிக்குதும்மா, தொறந்ததும் வந்துரும்" என்றார். அக்கா சுவரில் சாய்ந்து என் கையைப் பிடித்திருந்தார். "எத்தன நிமிஷம் ஆச்சு, கணக்கு?" என்று கேட்டார். வீட்டில் எனக்கு அதுதான் பெயர். அப்போது முப்பத்தொரு நிமிடம் ஆகியிருந்தது. பத்து என்று சொன்னேன். தெரிந்தே நான் சொன்ன முதல் தவறான எண் அது. வண்டி 11.05 மணிக்கு வந்தது. ஐம்பத்து மூன்று நிமிடம். ஓட்டுநரும் உதவியாளரும் மூன்று மாடி ஓடி ஏறி வந்தார்கள். அவர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. மருத்துவமனை வாசலுக்குப் போகும் முன்பே அக்கா போய்விட்டார்.

3. காரியங்களெல்லாம் முடிந்து ஏப்ரல் கடைசியில், வேறொரு சான்றிதழுக்காகப் பகுதி அலுவலகம் போயிருந்தேன். அங்கே அறிவிப்புப் பலகையில் மார்ச் மாத அறிக்கையை ஒட்டியிருந்தார்கள். பழைய புத்தி சும்மா இருக்குமா, நின்று படித்தேன். கிழக்குப் பகுதி: அழைப்புகள் பதின்மூன்று, மிக அதிக நேரம் முப்பத்தொன்பது நிமிடம் என்றிருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். ஐம்பத்து மூன்று அதில் இல்லை. அக்கா செத்ததும் இல்லை, அவர் காத்திருந்ததும் இல்லை என்பதுபோல் அந்தத் தாள் பளிச்சென்று இருந்தது.

4. கோபத்தோடு புள்ளிவிவரப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினேன். என் நாற்காலியில் இப்போது இருக்கும் பெண் மரியாதையானவர், வேலையில் கெட்டி. அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: "மேடம், நாப்பதுக்கு மேல இருக்கறத எடுத்துரணும்னு நீங்கதானே எழுதி வெச்சிருக்கீங்க? உங்க கையெழுத்துலயே பீரோ கதவுல ஒட்டியிருக்கே. நான் அதத்தான் செஞ்சேன்." பிறகு, யாருடைய அழைப்பு என்று கேட்டார். சொன்னேன். அவர்மேல் நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம் என்று இந்த இடத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.

5. ஆகவே புகார் என்மீதுதான். அந்த விதியை நான் எழுதியது பதினான்கு ஆண்டுகளுக்கு முன். வண்டிகளில் அப்போதுதான் 'வந்தாயிற்று' பொத்தான் வைத்தார்கள். ஓட்டுநர்கள் நோயாளியைத் தூக்கும் அவசரத்தில் அதை அமுக்க மறந்து, மருத்துவமனைக்குப் போன பிறகு அமுக்கினார்கள். அதனால் அறுபது, எழுபது என்று நேரங்கள் வந்து விழுந்தன. ஒரு மாதத்தில் நாற்பதைத் தாண்டிய பதினோரு அழைப்புகளையும் எடுத்துக்கொண்டு, வீடு வீடாகத் தொலைபேசியில் கேட்டேன். பதினொன்றும் மறதிதான். நகரத்தின் எந்த மூலைக்கும் நாற்பது நிமிடம் ஆகாது என்று அப்போது உறுதியாகத் தெரிந்தது. நாற்பதுக்கு மேல் வந்தால் பிழைப்பதிவு, நீக்குக என்று எழுதி ஒட்டினேன். முன்னிருந்த இயக்குநர் பாராட்டினார். நானும் உச்சி குளிர்ந்துபோனேன்.

6. ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத் தண்டவாளத்தை அகலப்படுத்தி, சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் இடமாக மாற்றினார்கள். அன்று முதல் கேட் மூடினால் அரைமணி நேரம் மூடித்தான் இருக்கும். அதற்குப் பின்னும் நான் மூன்று ஆண்டுகள் பணியில் இருந்தேன். தினமும் காலையில் அதே கேட்டில் பேருந்துக்குள் உட்கார்ந்து முணுமுணுப்பேன். பிறகு அலுவலகம் போய், அதே கேட்டில் நின்ற ஆம்புலன்ஸ்களின் நேரத்தைப் பிழை என்று நீக்குவேன். ஒரு நாள்கூட இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை. அந்த மூன்று ஆண்டுகளின் தாள்கள் இப்போது இல்லை. எத்தனை பேரை நீக்கினேன் என்பது எனக்கு இனித் தெரியப்போவதில்லை. இது என்னைத் தூங்க விடுவதில்லை ஐயா.

7. எழுத்து மூலம் கேட்டு, மார்ச் மாத அழைப்புப் பதிவேட்டின் நகலைப் பெற்றேன். கிழக்குப் பகுதியில் வந்தவை பதின்மூன்று அல்ல, இருபத்தொன்று. அவற்றைத் தண்டு-இலை வரைபடமாக எழுதியிருக்கிறேன். இடப்பக்கம் உள்ள தண்டு பத்துகள், வலப்பக்கம் உள்ள இலை ஒன்றுகள். 1-க்கு எதிரே 4 என்றால் பதினான்கு நிமிடம். இதன் நன்மை, ஒருவரும் தொலைந்துபோவதில்லை என்பது.

0 | 8 9
1 | 1 2 2 4 5 7
2 | 1 3
3 | 6 8 9
4 | 1 2 3 4 4 6 7
5 | 3

கடைசி இரண்டு வரிகளில் உள்ள எட்டும் நீக்கப்பட்டவை. ஐந்துக்கு எதிரே தனியாக இருக்கும் மூன்று, என் அக்கா. பொத்தானை அமுக்க மறந்தார்களோ என்ற சந்தேகம் தங்களுக்கும் வரலாம், எனக்கே வந்தது. எட்டு பயணத் தாள்களையும் பார்த்தேன். எட்டிலும் ஓட்டுநர்கள் 'கேட் மூடல்' என்று எழுதியிருக்கிறார்கள். அக்காவுக்கு வந்த ஓட்டுநரை ஆம்புலன்ஸ் நிலையத்தில் நேரில் பார்த்தேன். "வண்டிய நிறுத்தினதும் மொதல்ல அமுக்கினதே அதத்தாம்மா. ரெண்டு தடவ அமுக்கினேன். எங்க நேரத்த யாரு நம்புறாங்க?" என்றார்.

8. அறிக்கையில் உள்ள செவ்வகப் படத்தையும் தாங்கள் பார்வையிட வேண்டும். அதில் இருபது நிமிடத்துக்கு ஒரு செவ்வகம் என்று இரண்டே செவ்வகங்கள். முதல் இருபதில் எட்டு பேர், அடுத்த இருபதில் ஐந்து பேர். படிக்கட்டு இறங்குவதுபோல் அழகாக இருக்கிறது. எல்லாரையும் சேர்த்து, பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வரைந்தால் இரண்டு மேடுகள் எழுகின்றன. ஒன்று பதினைந்துக்குப் பக்கத்தில், இன்னொன்று நாற்பதுகளில். கேட் திறந்திருந்தால் முதல் மேடு, மூடியிருந்தால் இரண்டாவது. என் அக்கா முப்பது ஆண்டுகள் செருப்புக் கடையில் வேலை பார்த்தவர். நான் சராசரி என்று வாயைத் திறந்தாலே, "ஊர்ல உள்ள எல்லார் காலுக்கும் சராசரி எடுத்து ஒரே அளவுல செருப்பு தெச்சா, யாருடி போடுவா?" என்று சிரிப்பார். இவ்வளவு படித்த எனக்கு அவர் போன பிறகுதான் அது உறைத்தது.

9. தங்கள் மே மாத ஆணை முழுக்க முழுக்கப் பெட்டி வரைபடத்தை நம்பி எழுதப்பட்டது. எண்களை வரிசையில் நிறுத்தி, நடுப்பாதியைப் பெட்டிக்குள் அடைத்து, சரிநடுவில் நிற்பவருக்கு ஒரு கோடு போடுவது இப்படம். கிழக்கின் நடுக்கோடு பதினைந்து, மேற்கின் நடுக்கோடு பதினான்கு, ஒரு நிமிட வேறுபாட்டுக்காகத் தனி வண்டி நிறுத்த முகாந்திரம் இல்லை என்கிறது ஆணை. எட்டு பேரையும் சேர்த்தால் கிழக்கின் நடுக்கோடு முப்பத்தாறு. பெட்டி பதின்மூன்றிலிருந்து நாற்பத்து மூன்றரை வரை நீள்கிறது. கூட்டத்தை விட்டு வெகுதூரம் விலகி நிற்கும் எண்ணை இப்படத்தில் தனிப் புள்ளியாகக் குறிப்பது வழக்கம். பெட்டியின் விளிம்பிலிருந்து, அதன் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு அப்பால் இருந்தால்தான் அது தனிப் புள்ளி. இங்கே எண்பத்தொன்பது நிமிடத்தைத் தாண்டினால்தான் அப்படிக் குறிக்க முடியும். ஐம்பத்து மூன்று தாண்டவில்லை. என் அக்காவுக்கு நேர்ந்தது அபூர்வம் என்று பலரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நானும் அப்படி நம்பத்தான் ஆசைப்பட்டேன். எங்கள் பக்கத்தில் அது சாதாரணம் என்று நானே வரைந்த படம் சொல்கிறது.

10. எனவே தாங்கள் அருள்கூர்ந்து,

(அ) நாற்பது நிமிட விதியை ரத்து செய்து, பீரோ கதவில் உள்ள என் தாளைக் கிழித்தெறியவும்; இனி எந்த அழைப்பையும் பயணத் தாளைப் பார்க்காமல் நீக்கக் கூடாது என்று உத்தரவிடவும்;

(ஆ) பதிவேடு கைவசமுள்ள இரண்டு ஆண்டுகளுக்கும் கிழக்குப் பகுதியைத் தனியே எடுத்து மூன்று படங்களையும் மறுபடி வரையவும். ஆள் பற்றாக்குறை என்றால் நான் வந்து செய்து தருகிறேன். நாற்காலிகூட வேண்டாம், பதிவறையில் ஒரு மூலை போதும்;

(இ) அப்படங்களை இம்மாதம் 28ஆம் தேதிக் கூட்டத்தில் வைத்து, தண்டவாளத்துக்குக் கிழக்கே ஒரு வண்டியை நிரந்தரமாக நிறுத்த முடிவெடுக்கவும்;

(ஈ) விதியை எழுதிவிட்டு, காலம் மாறிய பின்னும் திரும்பிப் பார்க்காமல் இருந்ததற்காக என்மீது விளக்கம் கோரி நடவடிக்கை எடுக்கவும்

பணிவோடு வேண்டுகிறேன். கடைசிக் கோரிக்கையைத் தாங்கள் பெருந்தன்மையாகத் தள்ளிவிடக் கூடும். மற்ற மூன்றையும் நிறைவேற்றினால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

11. ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் ஒரு தச்சர் இருக்கிறார். அவர் மனைவிக்கு இது முதல் பிரசவம். நான் எங்கே வேலை பார்த்தேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேற்று மாலை வந்து, கூச்சத்தோடு நிலைப்படியில் நின்றுகொண்டே கேட்டார்: "அம்மா, கூப்பிட்டா ஆம்புலன்ஸ் எத்தன நிமிஷத்துல வரும்?" சில சமயம் பன்னிரண்டு, சில சமயம் நாற்பத்து மூன்று என்றேன். "அது சரிம்மா, நடுவாந்தரமா ஒரு கணக்கு சொல்லுங்களேன்" என்றார். பதிவேட்டில் இருபத்து மூன்று நிமிடத்துக்குப் பிறகு முப்பத்தாறு வரை ஒரு வண்டியும் வந்து சேரவில்லை. மறுபடியும் ஒரு பொய் சொல்ல எனக்குத் திராணி இல்லை. "நடுவுல யாருமே இல்ல தம்பி" என்றேன். அவர், கேட் எந்தெந்த நேரம் மூடும் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். சரக்கு வண்டிக்கு நேரம் காலம் கிடையாது என்றதும், படியிறங்கிப் போனார். அந்தப் பெண்ணுக்கு மருத்துவர் குறித்துக் கொடுத்திருக்கும் நாள் அடுத்த மாதம் ஐந்தாம் தேதி. தங்கள் கூட்டத்துக்குப் பின் ஏழு நாள் இருக்கிறது. ஒரு வண்டியைக் கேட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்த அது போதும் ஐயா.

இணைப்பு: அழைப்புப் பதிவேட்டின் நகல், எட்டு பயணத் தாள்களின் நகல், கையால் வரைந்த மூன்று படங்கள்.

இடம்: தண்டவாளத்துக்குக் கிழக்கே
நாள்: 11 ஜூன்

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
ஓய்வு பெற்ற புள்ளிவிவர உதவியாளர்