கோப்பு அமுங்குகிற நேரம்

பெங்களூர்
ஆகஸ்ட் 2003

அன்புள்ள பிலோமினாவுக்கு,

மாதா துணையால் நான் சுகம். உன் முட்டிவலியும் நம் சின்னவள் ரூபியின் இருமலும் தேவலையா?

கவலைப்பட ஒன்றுமில்லை, ஆபீசில் என்னிடமும் யோசனை கேட்டுவிட்டார்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். இங்கே பிள்ளைகள் எழுதும் சாப்ட்வேரைச் சாயங்காலம் ஒன்றாகச் சேர்த்து, கம்ப்யூட்டரிலேயே அமுக்கிச் சிறிதாக்கி, சி.டி.யில் ஏற்றித் தருவார்கள். அதைக் கூரியரில் சேர்ப்பது என் உத்தியோகம். அமுங்கி முடிய ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து டீ குடிப்பார்கள், என் ஊர்க்கதையைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

போன வாரம் பாலசமுத்திரத்துப் பெண் ஜீவிதா, "ஏனுங்கண்ணே, வேற முறையில அமுக்குனா அஞ்சே நிமிசந்தான். ஆனா கோப்பு கொஞ்சம் பெருசா இருக்கும். எது தேவலைங்க?" என்றது. எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்த மேதாவி நான், "வெரசா முடியிறதுதான் நல்லது தாயி, எம்புட்டு நேரம் காத்துக் கெடக்குறது" என்று தீர்ப்புச் சொன்னேன். அப்படியே மாற்றிவிட்டார்கள்.

இப்போது பொழுது சாயுமுன்னே எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள். நானும் அறைக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பழைய ரேடியோ சும்மா கிடந்தால் உன் தம்பி ஆண்டனிராஜ் வரும்போது கொடுத்துவிடு. தபால் எடுக்கும் நேரம், நிறுத்துகிறேன். பதிலில் 'அனைவரும் நலம்' என்று இரண்டு வரியில் முடிக்காதே. சோற்றுக்கு என்ன வெஞ்சனம் வைத்தாய், யாரோடு சண்டை போட்டாய், எல்லாம் எழுது. படிக்க எனக்கு நேரம் இருக்கிறது.

அன்புடன்,
அருளப்பன்