ஐந்தெழுத்துத் திட்டு

டாப்கிராஃப்ட், யார்க்ஷயர்
29 மே 1978

என் அருமை நார்மா,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை உங்கள் பத்திரிகையைப் பார்த்தாயா? பார்க்காமல் என்ன, தலைப்பு போடுவதே நீதானே! 'அம்மா ஸ்லாம்ஸ் பேண்டு மாஸ்டர் மகன்' என்று கொட்டை எழுத்தில். பேண்டு நடத்தும் என் மகன் கொலினை நான் கிழிகிழி என்று கிழித்தேனாம்!

நான் என்ன சொன்னேன்? ஊர் பேண்டு வாத்தியப் போட்டி முடிந்து என் வீட்டில் டீ குடிக்கும்போது, "அந்த மார்ச் பாட்டு கொஞ்சம் மெதுவாப் போச்சுடி, பிள்ளைக்குப் பதட்டம் போல" என்றேன். உன்னைத் தவிர அங்கே யார் இருந்தார்கள்?

கொலின் நேற்று ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சமைத்ததெல்லாம் ஆறிப்போய்க் கிடந்தது. அம்மா அப்படித் திட்டவில்லை என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லேன். நீ சொன்னால் நம்புவான்.

உன் ஏவிஸ்

பத்திரிகை அலுவலகம்
1 ஜூன் 1978

அடி ஏவிஸ்,

இதற்குப் போய் இவ்வளவா? 'கிரிட்டிசைசஸ்' என்று போட்டால் இங்கிலீஷில் பத்து எழுத்து, ஒற்றைப் பத்தி அகலத்தில் அடங்காது. 'ஸ்லாம்ஸ்' ஐந்தே எழுத்து. குப்பை வண்டி தாமதமாக வந்தது என்று யாராவது முணுமுணுத்தாலும் நாங்கள் அதைத்தான் போடுவோம். நாளைக்கே அந்தப் பேப்பரில் மீன் வறுவல் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

கொலினிடம் பேசிவிட்டேன், கவலையை விடு. வரும் வியாழக்கிழமை இஞ்சி கேக்கோடு டீக்கு வருகிறேன். சொல்ல மறந்தேனே, இந்தச் செய்தியைப் பற்றி ஆசிரியருக்கு ஏகப்பட்ட கடிதம் வருகிறது. பேண்டைப் பற்றி நீ இன்னும் ஒரு வரி, கொஞ்சம் காரமாகச் சொன்னால் நன்றாயிருக்கும்.

என்றும் உன் நார்மா

டாப்கிராஃப்ட்
5 ஜூன் 1978

நார்மா,

கொலின் நேற்று வந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். பேண்டை விட்டுவிட்டானாம். "நீ சொன்னது இன்னும் மோசமாமே அம்மா. பாவம்னு நார்மா ஆன்ட்டிதான் குறைச்சுப் போட்டாங்களாம். அவங்களே சொன்னாங்க" என்றான்.

தலைப்பை இடத்துக்காக அப்படிப் போட்டாய், சரி. இதை எதற்கடி சொன்னாய்? உன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளவா? அவன் கையைப் பிடித்துக்கொண்டு இல்லவே இல்லை என்றேன். "அப்போ நார்மா ஆன்ட்டி பொய் சொல்றாங்களா?" என்று கேட்டான். நார்மா பொய்யே சொல்லமாட்டாள் என்று சின்ன வயதிலிருந்து அவனுக்குச் சொல்லி வளர்த்தவள் நான்தானே! அவன் போய்விட்டான்.

வியாழக்கிழமை வராதே. உன் கேக்கும் வேண்டாம், நீயும் வேண்டாம். என் வீட்டில் தின்று, என் பிள்ளையையே என்னிடமிருந்து பிரித்த துரோகி நீ.

காரமாக ஒரு வரி கேட்டாயே, இதையே போட்டுக்கொள். இந்த முறை 'ஸ்லாம்ஸ்' என்பது உண்மைதான். கொலின் பெயரை மட்டும் விட்டுவிடு.

ஏவிஸ் ஹார்டில்