நூல் விட்டால் நம்ம ஆளு

வெள்ளைப் பீங்கான் தட்டைத் தேடி இன்று காலை ஸ்ரீரங்கத்து வீட்டுச் சமையலறையையே கவிழ்த்துப் போட்டேன். ஓரம் பெயர்ந்த அந்தத் தட்டை நம் மகன் பூந்தொட்டிக்கு அடியில் வைத்திருந்தான். நீ இருந்திருந்தால் அவனுக்கு நல்ல அர்ச்சனை கிடைத்திருக்கும்.

முசிறி வயலில் மறுபடியும் புகையான். பயிரின் தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் அந்தப் பூச்சியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "ட்ரோன் சொல்லிட்டேன்பா, நாளைக்கு மருந்தடிச்சிடலாம்" என்றான் மகன். முதலில் தட்டு வரட்டும் என்றேன்.

நீ கல்யாணமாகி வந்த முதல் சம்பாவிலும் இதே கதைதான். மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு என் அண்ணன் வரப்பில் நின்றார். திருச்சியில் விலங்கியல் படித்த புது மருமகள் நீ, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாய். நான் சாப்பிட்டு முடித்த இந்தப் பீங்கான் தட்டைக் கழுவி, தூரோடு சாய்த்துப் பிடித்துப் பயிரைத் தட்டினாய். கடுகைவிடச் சிறிய புள்ளிகள் விழுந்து ஓடின.

"பாதி புகையான் குஞ்சு, பாதி குள்ளச் சிலந்தி. அதத் தின்னத்தான் இது இருக்கு. தண்ணிய வடிச்சிட்டு ஒரு வாரம் பொறுங்க மாமா. மருந்தடிச்சா ரெண்டும் போயிடும், புகையான் மட்டும் திரும்பி வந்துடும்" என்றாய் அண்ணனிடம்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "பயிர் போனா உன் பொண்டாட்டியத்தான் ஊரே பேசும். யோசிச்சுக்க."

அவர் சொன்னது உண்மை. எது எதுவென்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீ தட்டைச் சாய்த்தாய்.

"குதிச்சா அவன். நூல் விட்டுத் தொங்குனா நம்ம ஆளுங்க."

மடையைத் திறந்து தண்ணீரை வடித்தேன். அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. நீ நன்றாகத் தூங்கினாய். அதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

பயிர் தப்பியது. அண்ணன் வாய் திறந்து பாராட்டவில்லை. ஆனால் அடுத்த வருஷம் புகையான் தலைகாட்டியதும், "அந்தத் தட்ட எடுத்துட்டு வாம்மா" என்றார். அந்தச் சிலந்திப் பேரினத்துக்கு அடிபீனா என்று பெயர் சொல்வாய். என் வாயில் நுழையாது. "உன் சொந்தக்காரங்க" என்பேன், நீ முறைப்பாய். அந்தச் சொந்தக்காரர்களை நம்பித்தான் இத்தனை வருஷமும் சாப்பிட்டோம். அவர்களை எனக்கு அடையாளம் காட்டியவள் நீ. அந்த நன்றி எனக்குக் குறையவே இல்லை.

இன்று நான் பயிரைத் தட்டினேன். என் கண்ணுக்கு இப்போது புள்ளிகள் தெரிவதில்லை. தட்டைச் சாய்த்துப் பிடித்துக் காத்திருந்தேன்.

"தொங்குதுப்பா. நிறைய தொங்குது" என்றான் மகன். அங்கேயே போனை எடுத்து ட்ரோன் வேண்டாம் என்று சொன்னான்.

பிடித்த இடத்திலேயே அவற்றை விட வேண்டும் என்பது உன் சட்டம். தட்டைத் தூரோரம் பிடித்தபடி குனிந்தே நின்றேன்.

"இடுப்பு வலிக்கப் போவுது, நிமிருங்கப்பா."

"இருடா. எல்லாம் இறங்கட்டும். உங்கம்மா திட்டுவா."